பழைய பத்மினிக்குப் புது டயர்: ரிம்மைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய 1978 பிரீமியர் பத்மினி ஒன்பது வருடம் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. எஞ்சின் வேலையும் பிரேக் வேலையும் முடிந்து வண்டி இப்போது ஓடுகிறது. டயர்கள் நான்கிலும் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. வேலூரில் ஒரு கடையில் 15 அங்குல அலாய் வீலும் 195/50 டயரும் போட்டுவிடலாம், பழைய அளவு இனி கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அலாய் போடலாமா, பழைய ரிம்மிலேயே இன்றைய ரேடியல் வகை டயரை ஏற்றலாமா, ஏற்றினால் டியூப் வேண்டுமா என்பது அவர் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணங்கள் பின்னால் வருகின்றன. பதினைந்து அங்குல அலாய் வேண்டாம். உங்கள் பழைய இரும்பு ரிம்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே சுத்தம் செய்து, 165/80 ஆர்14 ரேடியல் டயரை டியூபோடு ஏற்றுங்கள். நான் வேலூர் சாத்துவாச்சாரியில் இதே பத்மினியைப் பல வருடமாக வைத்து ஓட்டுகிறேன், இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் "ரிம் நல்ல நிலையில் இருந்தால்" என்று சொன்னேன் பாருங்கள், அதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அளவு விஷயத்தை முதலில் பார்ப்போம். பத்மினியின் அசல் டயர் 5.20-14. இத்தாலியின் ஃபியட் 1100டி வண்டியைத்தான் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இங்கே செய்தது, டயர் அளவும் அதோடு வந்தது. 5.20 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் விட்டம். அந்தக் காலத்து டயரில் பக்கச் சுவரின் உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமமாக இருக்கும் என்பதால் அதைத் தனியாக எழுதும் வழக்கம் இல்லை. இன்றைய டயரில் 165/80 என்றால் அகலம் 165 மில்லி, பக்கச் சுவர் அதில் 80 சதவீதம்.

கணக்குப் போடுவது சுலபம். 165-ல் 80 சதவீதம் 132. மேலும் கீழும் சேர்த்து 264. பதினான்கு அங்குலம் என்பது 355.6 மில்லி. கூட்டினால் மொத்த விட்டம் 620 மில்லி வருகிறது. பழைய 5.20-14 சுமார் 610 மில்லி. வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கடைக்காரர் சொன்ன 195/50 ஆர்15 எவ்வளவு? பதினைந்து அங்குலத்துக்கு 381, பக்கச் சுவர் மேலும் கீழும் சேர்த்து 195, மொத்தம் 576. பழையதைவிட ஏறக்குறைய 35 மில்லி குறைவு. வண்டி 17 மில்லி தாழ்ந்து நிற்கும். உண்மையில் 75-ல் போகும்போது முள் 80-ஐக் காட்டும். அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். 1089 சிசி எஞ்சின், நாலே கியர். பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலையில் அந்த எஞ்சினின் அலறலைக் கேட்டுக்கொண்டு வருவீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் அகலம். 132 மில்லி டயருக்காக வடிவமைத்த ஸ்டியரிங்கில் 195 மில்லி டயர் போட்டால், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் திருப்பிப் பாருங்கள், தோள் சொல்லும். அந்தப் பாரத்தை உங்கள் தோளோடு சேர்ந்து கிங் பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி), ஸ்டியரிங் பாக்ஸும், வீல் பேரிங்கும் சுமக்கின்றன. அவற்றுக்கான நல்ல சாமான் இப்போது தேடி அலைய வேண்டியது. ரப்பர் தேய்ந்தால் வாங்கிக்கொள்ளலாம், பத்மினியின் ஸ்டியரிங் பாக்ஸை எங்கே போய் வாங்குவது?

"பழைய அளவு கிடைக்காது" என்று கடைக்காரர் சொன்னதில் தவறில்லை, 5.20-14 அரிதாகிவிட்டது. ஆனால் 165/80 ஆர்14 அப்படியில்லை. மாருதி ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளின் அடிப்படை மாடல்களில் வந்த அளவு அதுதான். எந்த ஊர்க் கடையிலும் கேட்டு வாங்கலாம். அதில் சுமைக் குறியீடு 85 என்று இருக்கும், ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று அர்த்தம். ஆள் ஏறாத பத்மினி மொத்தமே சுமார் 900 கிலோதான், தாராளம். டயர் மட்டும் அந்த வண்டியினுடையதை வாங்குங்கள். ரிம்மை வாங்கிவிடாதீர்கள். ஏன் என்பதை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன்.

என் அண்ணன் ஒரு ஃபியட் உனோ வைத்திருந்தார். ஆசைப்பட்டு ஒரு கடையில் அலாய் வீல் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு போல்ட்டும் ஏறியது, சக்கரம் சுற்றியது, பார்க்க அழகாகவும் இருந்தது. எழுபது கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. மூன்று கடையில் பேலன்சிங் செய்தார். மூன்று இடத்திலும் கணினி பூஜ்யம் காட்டியது, நடுக்கம் போகவில்லை. ஒரு நாள் சென்னை போகும் வழியில், வாலாஜாவுக்கு அருகே முன் சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் நான்கு போல்ட்டில் இரண்டு விரலாலேயே சுழன்றன. அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில், எதிரெதிர் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு 98 மில்லி. அந்த அலாயில் 100.

இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். உனோ, பாலியோ போன்ற ஃபியட் வண்டிகளில் நாலு துளை, 98 மில்லி. ஸ்விஃப்ட் போன்ற பல வண்டிகளில் நாலு துளை, 100 மில்லி. ஒரு துளைக்கு ஒரு மில்லி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டைச் சரித்து முறுக்கினால் ஏறிவிடும். ஆனால் போல்ட்டின் கூம்பு ரிம்மின் கூம்புக்குள் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் மையத்தில் நிற்காது. ஓட ஓட அந்த ஒரு பக்கம் தேய்ந்து போல்ட் தளரும். அண்ணன் ஊர் வந்து சேர்ந்தது தெய்வாதீனம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏறுகிறது என்பதற்காக அது பொருந்துகிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாலு துளை என்றால் அளப்பது எளிது, எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம். ஐந்து துளை உள்ள வண்டியில் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வரும். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஐந்து துளை, 139.7 மில்லி. நம் பக்கத்தில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டில் நாலு துளை, 95.25. வண்டிக்கு வண்டி இப்படி மாறும் என்பதால், யார் வாய்வார்த்தையையும் கேட்காமல் உங்கள் ஹப்பில் வெர்னியர் அளவுகோலை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். வெர்னியர் இல்லையென்றால் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும்.

அலாய் போட்டே ஆக வேண்டும் என்று ஆசை விடவில்லை என்றால், பி.சி.டி. தவிர இன்னும் மூன்று அளவு பார்க்க வேண்டும். ஒன்று நடுத்துளை. ஹப்பின் மேட்டில் ரிம்மின் நடுத்துளை பிசிறில்லாமல் உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் வளையம் போடுவார்கள். பிளாஸ்டிக் வளையம் வேண்டாம். பத்மினியில் நாலு பக்கமும் டிரம் பிரேக், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் பிடித்தபடியே இறங்கினால் டிரம் எவ்வளவு சுடும் என்று இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலுமினிய வளையம் கடைந்து போடுங்கள். அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. டயர் இல்லாத ரிம்மைக் கவிழ்த்து, உள்விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, கட்டையிலிருந்து ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய ரிம்முக்கும் புது ரிம்முக்கும் அந்த ஆழம் ஒன்றாக இருந்தால் உள்பக்கம் இடிக்காது. இன்றைய முன்சக்கர இயக்க வண்டிகளின் ரிம்மில் ஆழம் அதிகம், பழைய வண்டியில் போட்டால் பின்னால் பட்டை ஸ்பிரிங்கிலும் முன்னால் டை ராடிலும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) உரசலாம். உடனே ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போடலாம் என்பார்கள். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு மரை குறைகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது நட்டின் உட்காரும் வடிவம். கூம்பு, உருண்டை, தட்டை வாஷர் என்று வகை உண்டு. ரிம்மில் எந்தக் குழியோ அதே வடிவ நட் அல்லது போல்ட்தான் வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பழைய ரிம்முக்கு வருவோம். டயரைக் கழற்றியதும் பஞ்சர் கடையிலேயே ரிம்மை ஓரமாகப் போட்டுவிட்டுப் புது டயரை மாட்டச் சொல்லாதீர்கள். ஐந்து ரிம்மையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஸ்டெப்னியும் சேர்த்துத்தான் ஐந்து. வெயிலில் வைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நிதானமாகப் பாருங்கள். டயரின் விளிம்பு உட்காரும் பகுதியில் துரு அரித்துக் குழி விழுந்திருக்கும், ஒன்பது வருடம் நின்ற வண்டியில் இது நிச்சயம். மேலோட்டமான குழி என்றால் பரவாயில்லை. கத்தி முனையால் குத்தினால் இரும்பு பொடிந்து உதிர்ந்தால் அந்த ரிம்மை ஒதுக்குங்கள். அடுத்து நடுத்தட்டு வெளிவளையத்தோடு சேரும் இடம், பின்பு நட் துளைகளைச் சுற்றி. மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் ஊறி ஒரு கோடாகக் காட்டிக்கொடுக்கும். விரிசல் விட்ட ரிம்மை வெல்டு வைத்து ஓட்டச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய ரிம் தேடினால் அகப்படும், வாங்குவதற்கு முன் அதையும் இதேபோல் சோதித்துவிடுங்கள்.

நட் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டனவா என்பதும் முக்கியம். தளர்ந்த நட்டோடு முன்பு எப்போதோ ஓட்டியிருந்தால் துளை இழுபட்டிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

ரிம் வளைந்திருக்கிறதா என்று, அதாவது பெண்டு பார்க்க, ஒரு சுலபமான வழி உண்டு. வெறும் ரிம்மை வண்டியில் மாட்டி, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, செங்கல் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் படுக்க வைத்து அதன் முனையை ரிம் விளிம்புக்கு மிக அருகில் நிறுத்துங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். முனைக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவது ஒரு மில்லிக்குள் இருந்தால் அருமை, இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ரிம் பெண்டு எடுக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரும்பு ரிம்மின் நல்ல குணம் இது, வளைந்தால் நிமிர்த்தலாம். அலாய் அப்படியில்லை, பள்ளத்தில் இடித்தால் விளிம்பு உடையும்.

தேறிய ரிம்களை சேண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் அடிக்கலாம், வேலை சுத்தமாக இருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் பூச்சு அடிப்பவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: நட் உட்காரும் கூம்புக் குழியிலும், டிரம்மில் ஒட்டும் முகத்திலும் பூச்சு தடிமனாக இருக்கக் கூடாது. அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பின்னால் மெல்லிய பிரைமர் மட்டும் கொடுத்தால் போதும். தடித்த பூச்சின் மேல் நட்டை முறுக்கினால், ஓடும்போது பூச்சு நசுங்கி நட் தளர்ந்துவிடும். பார்க்கப் புதிதாக மின்னும் ரிம்மில்தான் இந்த ஆபத்து அதிகம். வீல் கப்பைப் பிடிக்கும் சின்ன முனைகளையும் தட்டி நசுக்காமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தப் பளபளக்கும் வட்டக் கப் இல்லாத பத்மினியை எனக்குப் பார்க்கவே மனம் வருவதில்லை.

டியூப் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். டியூப்லெஸ் டயருக்கான ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உட்புறம் ஒரு சின்ன மேடு சுற்றிவர இருக்கும். காற்று குறைந்து வளைவில் திரும்பும்போது டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்த மேடுதான். டியூப் காலத்து ரிம்களில் அது இருக்காது. துருக் குழி வழியாகக் காற்றும் கசியும். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், மேடு இல்லையென்றால் டியூப்தான். கடையில் டியூப்லெஸ் டயராகவே கொடுப்பார்கள், அதற்குள் டியூப் போடலாம், ஆனால் மூன்று கவனம் வேண்டும். டயரின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பிய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது டியூபை அராவும். ரேடியலுக்கானது என்று குறித்த, அதே அளவு டியூபாக வாங்க வேண்டும். மாட்டுவதற்கு முன் டால்கம் பவுடர் தூவ வேண்டும். பிறகு காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். டியூபில் விழுந்த மடிப்பு அப்போதுதான் பிரியும். இரண்டு நிமிட வேலை, ஆனால் மே மாதத்து மதியத்தில் நடுரோட்டில் டியூப் வெடிப்பது பெரும்பாலும் இந்த மடிப்பில்தான்.

டியூபில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஏரிக்கரை, பாலாற்றங்கரை எங்கும் வேலிகாத்தான் முள். டியூப்லெஸ்ஸில் முள் ஏறினால் காற்று மெதுவாக இறங்கும், வீடு வந்து சேரலாம். டியூபில் ஏறினால் சட்டென்று உட்கார்ந்துவிடும். அதனால் முள்வேலி ஓரமாக நிறுத்தாதீர்கள், ஸ்டெப்னியில் எப்போதும் காற்று இருக்கட்டும்.

ரேடியல் டயர் பழைய வண்டிக்கு ஒத்து வருமா என்பது பலருக்குள்ள சந்தேகம். நீங்கள் குடியாத்தத்துக்காரர், தறியைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், நூல் கணக்கு உங்களுக்கு எளிதில் புரியும். பழைய டயரில் நைலான் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்கும் சாய்வாக ஓடும், ஒரு அடுக்கு இப்படி, அடுத்த அடுக்கு அப்படி. அதனால் பக்கச் சுவரும் தரையில் படும் பகுதியும் ஒரே துணி மாதிரி சேர்ந்து அசையும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுகிறது, பட்டனுக்கு அடியில் தனியாக இரும்புக் கம்பிப் பட்டை. பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும்போதும் தரையில் படும் பகுதி தட்டையாகவே இருக்கும். சூடு குறைவு, பிடிப்பு அதிகம், தேய்மானம் குறைவு. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில கிலோமீட்டர் தட் தட் என்று அடிக்குமே, இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்று நைலான் நூல் தட்டையாகிவிடுவதால் வருவது, அதுவும் இராது. மெதுவாகத் திருப்பும்போது மட்டும் ஸ்டியரிங் சற்றுக் கனமாகத் தோன்றும். பழகிவிடும்.

இரண்டு வகையையும் கலக்காதீர்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று ஒருநாள்கூட ஓட்டக் கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பழைய வகை என்பதும் ஆபத்து, மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தையும் ஒன்றாக மாற்றுங்கள்.

அரக்கோணத்தில் டயர் ஆலையே இருக்கிறது, பழைய வடாற்காடு மாவட்டம் டயருக்குப் புதிதில்லை. ஆனாலும் கடையில் எடுத்துக் கொடுக்கும் டயர் எப்போது செய்தது என்று பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கங்கள் தேதி. 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு மாதத்துக்குள் செய்ததாகக் கேளுங்கள். நம்மைப் போன்றவர்கள் வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். டயர் தேய்ந்து மாற்றப் போவதில்லை, வயதாகித்தான் மாற்றப் போகிறோம். வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் ரப்பருக்கு ஆறு வருடம் ஆனதும் வருடா வருடம் வெடிப்பு பார்க்க வேண்டும். பத்து ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். உங்கள் இப்போதைய டயர்களுக்கும் இதே நியாயம்தான், அவற்றோடு குடியாத்தத்திலிருந்து வேலூர்வரைகூட வராதீர்கள். ரிம்களைக் கழற்றி வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

சக்கரம் கழன்றிருக்கும் நேரம்தான் பின்னால் இருப்பதைப் பார்க்க நல்ல சமயம். கழற்றுவதற்கு முன் ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்கில் குறை, நிற்காவிட்டால் கிங் பின்னில். பேரிங் என்றால் கழுவிப் புது கிரீஸ் வைத்து இறுக்கம் சரிசெய்தால் பலசமயம் போதும். இதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் மூவாயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் தின்றுபோகும், குறையை டயர் கம்பெனி மேல் சொல்லிக்கொண்டிருப்போம்.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராகக் கையால் உட்காரவைத்து, பாதி முறுக்கி, வண்டியைக் கீழே இறக்கிய பிறகு முழுதாக முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் முறுக்க விடாதீர்கள். நாற்பது வருடத்து மரை அதைத் தாங்காது. உங்களுக்கு வராது என்றாலும் ஜீப் வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: பழைய வில்லிஸ் ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, கழற்றும் திசை தலைகீழ். தெரியாத பையன் பைப் போட்டு ஏறி மிதித்து ஸ்டட்டையே உடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மாட்டியதும் பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் இடையே விரல் நுழைகிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி முன்னாலும் பாருங்கள். ரிம்மும் மட்கார்டும் பழைய வண்டிகளில் ஒன்றுபோல் இருப்பதில்லை, பாடி வேலை நடந்த வண்டியில் இடது பக்கம் இடிக்காதது வலது பக்கம் இடிக்கும். உரசினால் டயரை இன்னும் மெலிதாகத் தேடுங்கள், மட்கார்டைத் தட்டாதீர்கள்.

பேலன்சிங் நான்கிற்கும் செய்யுங்கள். அலைன்மென்ட் கடையில் கணினிப் பட்டியலில் பத்மினி இல்லையென்றால், ஏதோ ஒரு வண்டியின் பெயரை அழுத்திச் செய்துவிடப் பார்ப்பார்கள். வண்டிக் கையேட்டிலுள்ள டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பழைய நைலான் டயருக்கானது, ரேடியலுக்கு அவ்வளவு தேவையில்லை. நான் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வைத்திருக்கிறேன், இரண்டு முன் டயரும் சமமாகத் தேய்கின்றன. காற்று என் வண்டியில் முன்னால் 28, பின்னால் 30 பாயிண்ட். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். மதியம் ஓடி வந்த சூட்டில் பார்த்தால் நாலைந்து பாயிண்ட் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் சப்பையாக நிற்கும்.

ஆர்.டி.ஓ. பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். அசல் ரிம்மில், மட்கார்டுக்குள் அடங்கும் டயரோடு போனால் கேள்வி வராது. 2021-இல் வந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு கேட்கலாம், எண்ணில் "விஏ" என்று வரும். உங்கள் வண்டிக்கு 2028-இல் அந்த வயது வருகிறது. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். வேண்டுமா என்று அப்போது யோசித்துக்கொள்ளுங்கள். எப்படியும் பழைய ரிம் ஒன்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் ஊருக்கு ஒருமுறை ஓட்டிப் போங்கள். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் போய்வந்தால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வீட்டில் நிறுத்தி, சக்கரம் ஆறிய பிறகு, வீல் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புதுப் பூச்சு அடித்த ரிம்மில் ஒன்றிரண்டு கால் சுற்று ஏறும். அடுத்த நூறு கிலோமீட்டரில் இன்னொருமுறை பார்க்கும்போது ஒன்றும் அசையவில்லை என்றால் வீல் கப்பை மாட்டிவிடலாம்.